யாருக்கு விசில்?

2021 ஜூன் மாதத்தின் கடைசி ஞாயிறு. மகளைப் பார்த்துவிட்டு நாலு நாளில் திரும்புவதாகச் சொல்லி வந்த மாமனார், ஊரடங்கில் மாட்டிக்கொண்டு ஏழாவது வாரமாக எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்க்கும் சீரியல்களுக்குப் படப்பிடிப்பு நின்றுபோய், பழைய எபிசோடுகளையே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கெட்ட மருமகள் மறுபடியும் முதலிலிருந்து கெட்டது செய்வதைப் பார்க்கப் பொறுமையில்லாமல், நான் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்த டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முப்பத்தொரு வருஷம் சைக்கிளிலேயே மில் வேலைக்குப் போய் வந்தவர். ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

“மாப்ளே, இதுல நம்ம ஆளு யாரு?”

“நம்ம ஊர்க்காரங்க யாரும் இல்ல மாமா. சும்மா பார்க்க வேண்டியதுதான்.”

“ஆளில்லாம எப்படிப் பார்க்கிறது? கல்யாணத்துக்குப் போனாக்கூட மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடான்னு தெரிஞ்சாத்தான் எந்தப் பக்கம் உக்கார்றதுன்னு தெரியும்.”

நியாயமான பேச்சு. திரையில் நூற்றெண்பது பேர் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லார் தலையிலும் ஹெல்மெட், எல்லார் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி, எல்லார் முதுகிலும் விளம்பரம். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. இந்தப் போட்டியில் ஒரு நாள் ஓட்டம் நாலைந்து மணி நேரம்; அதில் முக்கால்வாசி நேரம் ஒன்றும் நடக்காது. ஓர் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை என்றால் கோதுமை வயலையும் சர்ச் கோபுரத்தையும் பார்த்தபடி தூங்கிப்போக வேண்டியதுதான்.

“எதை வச்சு மாப்ளே ஆளைப் பிடிக்கிறாங்க?”

“அதுக்கு நூறு வருஷக் கதை இருக்கு மாமா.”

“சொல்லுங்க. எனக்கென்ன, பஸ்ஸா போயிடப் போகுது?”

சொன்னேன்.

*

கதை சைக்கிளில் தொடங்கவில்லை. ஒரு கைத்தடியில் தொடங்குகிறது. டிரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரி ஜெர்மனிக்கு உளவு சொன்னதாக 1894-ல் தண்டிக்கப்பட்டார். அவர் நிரபராதி என்று பாதி பிரான்ஸ், துரோகி என்று மீதி பிரான்ஸ். சம்பந்தி வீடுகள் பேச்சை நிறுத்தின. 1899-ல் பாரிஸ் குதிரைப் பந்தய மைதானத்தில் இந்தச் சண்டை முற்றி, ஜனாதிபதியின் தொப்பி மேலேயே ஒருவர் கைத்தடியால் ஒரு போடு போட்டார். அந்த ரகளையில் உள்ளே போனவர்களில் ஒருவர் தெ தியோன் என்ற பிரபு. கார் கம்பெனி முதலாளி. 15 நாள் களி.

அப்போது பிரான்ஸில் ‘லெ வெலோ’ என்று பச்சைத் தாளில் அச்சாகும் விளையாட்டுப் பத்திரிகை ஒன்று கொடிகட்டிப் பறந்தது. அதன் ஆசிரியர் பியேர் ஜிஃபார், டிரைஃபஸ் கட்சி. பிரபுவைத் தன் பேனாவால் பிடிபிடியென்று பிடித்தார். தன் பத்திரிகைக்குப் பெரிய விளம்பரம் தருகிறவர் அதே பிரபுதான் என்பதை மட்டும் கொஞ்சம் மறந்துவிட்டார்.

பிரபு விளம்பரத்தை நிறுத்தினார். அதோடு விட்டாரா? நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1900-ல் போட்டிப் பத்திரிகையே தொடங்கிவிட்டார். அவர்கள் பச்சைத் தாளா, நாம் மஞ்சள் தாள். ஆசிரியர் நாற்காலியில் ஆன்றி தெக்ராஞ்ஜ். 1893-ல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் மிதித்துச் சாதனை வைத்தவர். பத்திரிகைக்கு ‘லோட்டோ-வெலோ’ என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ‘வெலோ’வைத் திருடிவிட்டார்கள் என்று ஜிஃபார் கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். 1903-ல் பெயர் வால் அறுந்து வெறும் ‘லோட்டோ’ ஆயிற்று. அதற்கு முன்பே பத்திரிகை, விற்காமல் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

1902 நவம்பரில் ஒரு மதியச் சாப்பாட்டில் ஜியோ லெஃபெவ்ர் என்ற இளம் நிருபர், என்ன சொல்வதென்று தெரியாமல் ஒன்றைச் சொல்லி வைத்தார்: பிரான்ஸையே சைக்கிளில் சுற்றவிட்டால் என்ன?

“ஆக, ரெண்டு பேப்பர்காரன் சண்டை. அதுக்கு இவனுக இத்தனை வருஷமா மிதிக்கிறானுக,” என்றார் மாமா. டூர் டி பிரான்ஸ் பற்றி எழுதப்பட்ட தடித்த புத்தகங்களில் இதைவிடச் சுருக்கமான வரலாறு கிடையாது.

முதலில் பதிந்தவர்கள் 15 பேர். 20 பிராங்க் நுழைவுக் கட்டணத்தைப் பாதியாக்கி, தேதியைத் தள்ளிப்போட்டு, தினப்படி 5 பிராங்க் தருகிறோம் என்று கெஞ்சியதில் 60 பேர் சேர்ந்தார்கள். 1903 ஜூலை 1 அன்று பாரிஸுக்கு வெளியே ‘அலாரம் கடிகாரம்’ என்று பெயர் வைத்த காபிக் கடை வாசலில் கிளம்பினார்கள். பெயர்தான் அலாரம், கிளம்பியது மதியம் 3.16. மொத்தம் 2,428 கிலோமீட்டர், ஆறே தவணை. அதாவது, சராசரியாக ஒரு தவணைக்கு 400 கிலோமீட்டர், ராத்திரியும் சேர்த்து. 21 பேர் திரும்பி வந்தார்கள். ஜெயித்தவர் மோரிஸ் கரேன். சின்ன வயதில் புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி சுரண்டும் வேலை பார்த்தவர். ஒரு பாலாடைக்கட்டிக்குப் பதிலாக அப்பா இவரைக் கைமாற்றிவிட்டார் என்றும் கதை உண்டு. இரண்டாவதாக வந்தவரைவிட 2 மணி 59 நிமிஷம் முன்னால் இருந்தார். பத்திரிகை விற்பனை 25,000-லிருந்து 65,000 ஆயிற்று. ஊர் ரெண்டுபட்டதில் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

“சரி, அப்ப ஜனங்க யாரைப் பிடிச்சாங்க?”

“அதுதான் மாமா அடுத்த வருஷம் தெரிஞ்சுது. கட்டையோட வந்தாங்க.”

*

ஆளைப் பிடிக்க மனுஷன் முதலில் கண்டுபிடித்த விதி ‘நம்ம ஊர்க்காரன்’. 1904-ல் செயின்ட் எத்தியென் பக்கத்து மலைப்பாதையில் அது நடுராத்திரியில் அரங்கேறியது. உள்ளூர்ப் பையன் ஃபோரே முன்னால் போனான். அவனைப் போகவிட்டு, பின்னால் வந்தவர்களை இருநூறு பேர் கம்பும் கல்லுமாக மறித்தார்கள். தம் ஆளை வேகமாக ஓட்டவைக்க முடியாது, அடுத்தவனை மெதுவாக்க முடியும் என்பது ரசிகர்களின் கணக்கு. கரேனுக்கு நல்ல அடி. ஜெர்பி என்ற இத்தாலியருக்கு விரல் முறிந்தது. நடுவர்கள் துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்துச் சுட்ட பிறகுதான் கூட்டம் கலைந்தது. நீம் நகரத்தில் தங்கள் ஆளைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று கல்லெறி. வழி நெடுக ரோட்டில் ஆணி.

ஓட்டியவர்கள் மட்டும் காந்திகளா? ராத்திரி இருட்டில் சிலர் ரயிலேறினார்கள். ஓகுத்தூரியே என்பவர் காரில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையில் இருந்த தக்கையைப் பல்லில் கடித்துக்கொண்டு மிதிக்காமலே போனார் என்று இன்றும் சொல்கிறார்கள். விசாரணை நாலு மாதம் நடந்தது. கடைசியில் முதலில் வந்த கரேன், இரண்டாவதாக வந்த போத்தியே, மூன்றாவதாக வந்த கரேனின் தம்பி, நாலாவதாக வந்த தக்கைக்காரர் என்று நாலு பேரையும் தூக்கிவிட்டார்கள். ஐந்தாவதாக வந்த 19 வயது ஆன்றி கோர்னே வெற்றியாளர். டூர் வரலாற்றில் இன்றுவரை அவருக்கு இளையவர் ஜெயித்ததில்லை.

“டெபாசிட் போன பையனைக் கூப்பிட்டு எம்.எல்.ஏ. ஆக்கிட்டாங்கன்னு சொல்லுங்க,” என்றார் மாமா. “எனக்கு இந்த ஆணி கோஷ்டி வேணாம். பஞ்சர் ஒட்டுறவன் பாவம் சும்மா விடாது. அடுத்தது?”

அடுத்தது பாவப்பட்டவரைப் பிடிப்பது. அதற்கென்றே பிறந்தவர் எழேன் கிறிஸ்தோஃப்.

1913-ல் அவர் ஜெயிக்கிற நிலையில் பிரனீஸ் மலைத்தொடரின் தூர்மலேயிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் உடைந்தது. வேறு சைக்கிள் வாங்கிக்கொள்ளக் கூடாது, யாரிடமும் உதவி கேட்கக் கூடாது, தன் வண்டியைத் தானேதான் சரிசெய்ய வேண்டும் என்பது அன்றைய விதி. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சுமார் 14 கிலோமீட்டர் நடந்து செயின்ட்-மரி-தெ-காம்பான் என்ற ஊருக்கு வந்தார். அங்கே ஒரு கொல்லன் பட்டறை. உலையில் இரும்பைக் காய்ச்சி, தட்டி, வளைத்து, பழைய ஃபோர்க்கை ஒட்டவைக்கத் தொடங்கினார். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவருடைய போட்டிக் கம்பெனிகளின் ஆட்களும் நடுவர்களும் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். ஒருவருக்குப் பசி, ஏதாவது சாப்பிட்டு வருகிறேன் என்றாராம். பசித்தால் கரியைத் தின்னுங்கள், நான் கைதி, நீங்கள் காவல், நகரக் கூடாது என்றாராம் கிறிஸ்தோஃப்.

ஒரு கையால் இரும்பையும் ஒரு கையால் சுத்தியலையும் பிடித்தவருக்குத் துருத்தி ஊத மூன்றாவது கை இல்லை. பட்டறைப் பையன் ஒருவன் ஊதினான். நடுவர் உடனே நோட்டை எடுத்தார்: வெளியாள் உதவி, 10 நிமிஷம் அபராதம். ஏற்கெனவே மணிக்கணக்கில் போய்விட்டவருக்கு 10 நிமிஷம்! பிறகு மனம் இரங்கி அதை 3 நிமிஷமாகக் குறைத்தார்கள். கருணைக்கு எல்லை உண்டு அல்லவா?

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அந்த நடுவர் எங்க மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தாரே, அவருக்குச் சொந்தமா?” என்றார்.

உலகப் போர் முடிந்து 1919-ல் போட்டி திரும்பவும் நடந்தது. முன்னணியில் இருப்பவரைக் கூட்டத்தில் அடையாளம் காண முடியவில்லை என்று, பத்திரிகைத் தாளின் நிறத்திலேயே மஞ்சள் சட்டை தைத்தார்கள். முதலில் அதைப் போட்டவர் கிறிஸ்தோஃப். வழியில் ஜனங்கள் கேனரி குருவி போகிறது பார் என்று கத்தினார்கள். கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. கடைசிக்கு முந்தைய தவணை, கற்கள் பதித்த ரோடு, அரை மணிக்குக் கொஞ்சம் குறைய முன்னிலை. ஃபோர்க் உடைந்தது. மறுபடியும் உலை, மறுபடியும் சுத்தியல். மஞ்சள் சட்டை போயிற்று. 1922-ல் மூன்றாவது தடவையும் உடைந்தது. அவர் கடைசிவரை டூரை ஜெயிக்கவே இல்லை. ஆனால் 1919-ல் பத்திரிகை வாசகர்கள் அவருக்காக அனுப்பிய காசு அலை அலையாக வந்து குவிந்தது. அந்த வருஷம் ஜெயித்த பெல்ஜியக்காரரின் பெயரைச் சொல்லச் சொன்னால் பிரெஞ்சுக்காரர்களே தலையைச் சொறிவார்கள். உலை இருந்த ஊரிலோ கிறிஸ்தோஃபுக்குக் கல்வெட்டு இருக்கிறது.

தோசைக்கல்லின் சத்தத்தை மீறி என் மனைவி உள்ளிருந்து கேட்டாள்: “இதுல பொம்பளைங்களே இல்லையா?”

இருந்தார். பக்கத்து நாட்டுப் போட்டியில். 1924-ல் இத்தாலியச் சுற்றுப் போட்டிக்குப் பெரிய வீரர்கள் காசுச் சண்டையில் வரவில்லை. ‘அல்ஃபொன்சின் ஸ்திராதா’ என்று ஒரு பெயர் பட்டியலில் ஏறியது. கடைசி எழுத்து விட்டுப்போயிருக்கிறது, அது அல்ஃபொன்சினா என்று பிறகுதான் தெரிந்தது. மழையும் புயலும் அடித்த ஒரு நாள் ஹேண்டில்பார் உடைந்தது. யாரோ ஒரு துடைப்பக்கட்டையைக் கொடுக்க, அதைச் செருகிக்கொண்டு ஓட்டி, நேரம் கடந்து வந்து சேர்ந்தார். விதிப்படி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் வழியெல்லாம் ஜனங்கள் அவரைப் பார்க்கத்தான் நிற்கிறார்கள் என்பது நடத்துகிறவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கணக்கில் சேர்க்காமல் தொடரவிட்டார்கள். கிளம்பிய 90 பேரில் மூன்றில் ஒரு பங்குதான் கடைசிவரை வந்தார்கள், அவரும் வந்தார்.

“என் ஆளு அந்தத் துடைப்பக்கட்டைக்காரிதான். முடிவு பண்ணியாச்சு,” என்று தோசையைத் திருப்பினாள்.

*

இத்தாலி என்றதும் மூன்றாவது விதிக்கு வந்துவிட்டோம்: கட்சி கட்டுவது. ஜீனோ பார்டாலி பக்திமான், பூசை தவறாதவர். ஃபாஸ்டோ கோப்பி நவீன ஆசாமி. சாப்பாடு, பயிற்சி எல்லாம் அளந்துதான் செய்வார். நாடு இரண்டாகப் பிரிந்தது. ஒரே வீட்டில் அப்பா பார்டாலி, பிள்ளை கோப்பி.

அவர்களுக்குள் இருந்தது பங்காளிச் சண்டை. கோப்பி என்ன மருந்து குடிக்கிறார் என்பது பார்டாலிக்குத் தூக்கம் கெடுத்த கேள்வி. கோப்பி ஓட்டல் அறையைக் காலி செய்ததும் உள்ளே புகுந்து குப்பைக்கூடையைக் கிளறுவார். 1946-ல் ஓட்டத்துக்கு நடுவே கோப்பி ஒரு சின்னக் குப்பியைப் புதரில் வீசியதைக் கண்டு, இடத்தை மனத்தில் குறித்து வைத்து, போட்டி முடிந்ததும் காரில் திரும்பி வந்து தேடி எடுத்து, சோதனைக்கு அனுப்பினார். சாதாரண சத்து டானிக் என்று பதில் வந்தது. அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. தனக்கும் ஒரு பெட்டி வாங்கினார்.

1948 உலகப் போட்டியில் இருவருக்கும் ஒரே லட்சியம், மற்றவர் ஜெயிக்கக் கூடாது. ஒருவரை ஒருவர் முறைத்தபடியே பின்தங்கி, ஒருவர் விலக, மற்றவரும் நிம்மதியாக விலகினார். சம்மேளனம் இருவரையும் தற்காலிகமாக நீக்கியது.

அதே வருஷம் ஜூலை 14-ல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் தொல்யாத்தியை ஒருவன் சுட்டுவிட்டான். நாடெங்கும் வேலைநிறுத்தம், உள்நாட்டுப் போர் வந்துவிடும் என்ற பயம். டூரில் 21 நிமிஷம் பின்தங்கியிருந்த பார்டாலிக்குப் பிரதமர் தெ காஸ்பெரி போன் போட்டார்: எப்படியாவது ஜெயித்துத் தொலையுங்கள். முப்பத்துநாலு வயசை நெருங்கிக்கொண்டிருந்தவர், மறுநாளும் அடுத்த நாட்களும் மலை மலையாக ஏறி ஜெயித்தார். தெருவில் இருந்தவர்கள் கல்லைப் போட்டுவிட்டு ரேடியோவிடம் ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்த தொல்யாத்தியே, டூரில் என்ன ஆச்சு என்று கேட்டார் என்பார்கள். உள்நாட்டுப் போரை சைக்கிள் தடுத்தது என்பது கொஞ்சம் எண்ணெய் அதிகம் ஊற்றிய கதைதான். இருந்தாலும் ஒரு பிரதமர், போலீஸை நம்பாமல் சைக்கிள்காரரை நம்பினார் என்பது வரலாறு.

“இந்த ரெண்டு பேரைப் பத்தித் தண்ணி பாட்டில் கதை ஒண்ணு இருக்கு மாமா. 1952 டூர்ல, ஏத்தத்துல, ஒருத்தர் இன்னொருத்தருக்குப் பாட்டில் கொடுக்கிற போட்டோ. யாரு கொடுத்தா, யாரு வாங்கினா? கடைசிவரை ரெண்டு பேரும் ‘நான்தான் கொடுத்தேன்’னு சொன்னாங்க.”

“வாங்கினவன்னு எவன் ஒத்துக்குவான்?” என்றார் மாமா.

பாட்டில் என்றதும் ஸாஃபைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1950 ஜூலை, தென் பிரான்ஸில் தீயாய்க் கொதிக்கும் வெயில். அல்ஜீரியாவிலிருந்து வந்த அப்தெல்காதர் ஸாஃபும் மர்செல் மோலினே என்பவரும் கூட்டத்தைக் கால் மணிக்கு மேல் முந்திப் போனார்கள். திராட்சைத் தோட்டப் பகுதி. தண்ணீர் என்று நினைத்து ஸாஃப் வாங்கிக் குடித்தது ஒயின். ரோட்டில் கோலம் போட்டார். மரத்தடியில் சாய்ந்து தூங்கினார். சத்தம் கேட்டு விழித்து, பதறியடித்து வண்டியில் ஏறி, வந்த திசையிலேயே திரும்ப ஓட்டத் தொடங்கினார். அவர் முஸ்லிம், குடிக்கவே மாட்டார், வெயிலில் மயங்கியவர் மேல் விவசாயிகள் தெளித்த ஒயின்தான் அந்த வாடை என்று இன்னொரு கட்சி உண்டு. எது உண்மையானால் என்ன, ஜெயித்த மோலினேயை யாரும் கேட்கவில்லை. எல்லா ஊர்க் கண்காட்சிப் பந்தயங்களுக்கும் ஸாஃபுக்குத்தான் அழைப்பு. அடுத்த வருஷம் அவர் கடைசி ஆளாக வந்தபோது புகழ் இன்னும் கூடியது.

அந்தக் கண்காட்சிப் பந்தயத்தில்தான் காசு இருக்கிறது என்பதை மற்றவர்களும் புரிந்துகொண்டார்கள். முதலில் வந்தவர் பெயர் நினைவிருக்கும், கடைசியில் வந்தவர் பெயரும் நினைவிருக்கும். எழுபத்திரண்டாவதாக வந்தவரை அவர் அம்மாவுக்குத்தான் தெரியும். ஆகவே கடைசியாக வருவதற்கும் போட்டி. 1979-ல் ஆஸ்திரியாவின் ஷோன்பாகர் கடைசி இடத்தை இன்னொருவருடன் மல்லுக்கட்டி வென்றார். நடத்துகிறவர்களுக்கு எரிச்சல். 1980-ல் பாதிப் போட்டிக்கு மேல், ஒவ்வொரு நாளும் கடைசியில் இருப்பவர் வெளியேற்றப்படுவார் என்று விதி போட்டார்கள். ஷோன்பாகர் அசரவில்லை. கடைசிக்கு ஓர் இடம் மேலேயே நீந்தி, விதி முடிந்ததும் நைசாகக் கீழே இறங்கி, மறுபடியும் கடைசியாக வந்தார். ஜெயிப்பதற்குக்கூட இவ்வளவு மூளை தேவையில்லை.

“நீங்க யாரைப் பிடிச்சீங்க மாப்ளே?” என்று கேட்டுவிட்டார்.

இதைத்தான் தவிர்த்துக்கொண்டிருந்தேன். புற்றுநோயிலிருந்து மீண்டு 1999 முதல் 2005 வரை ஏழு தடவை ஜெயித்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்தான் என் ஆள். மஞ்சள் ரப்பர் வளையத்தை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு பெண் பார்க்கவே போயிருக்கிறேன். 2012-ல் ஊக்கமருந்துக்காக ஏழு பட்டத்தையும் பறித்தார்கள். அந்த ஏழு வருஷத்துக்கும் இன்றுவரை வெற்றியாளர் பெயரே இல்லை.

“அந்த வளையம்... நான் ஏதோ கோயில் கயிறுன்னு நினைச்சேன்,” என்றார் மாமா. பதினைந்து வருஷம் கழித்து அவர் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது.

*

அப்போதுதான் திரையில் ஒன்று நடந்தது. பிரிட்டனி பகுதியில் ம்யூர்-தெ-பிரத்தாஞ் என்ற செங்குத்து மேடு. அன்றைக்கு அதை இரண்டு தடவை ஏற வேண்டும். முதல் ஏற்றத்திலேயே ஒருவர் கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு தனியாகப் போனார். உச்சியில் தரும் சில விநாடி போனஸுக்காக.

“இந்தப் பையன் யாரு? பேய் பிடிச்ச மாதிரி மிதிக்கிறான்?”

“மாத்யூ வான் டெர் போல். நெதர்லாந்து. இவரோட அம்மாவைப் பெத்த தாத்தா ரேமோன் புலிடோர்.”

“புலித்துரையா? நல்ல பேரு.”

இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. புலித்துரை கதைக்கு அது போதும்.

1936-ல் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்தவர். அவர் காலத்து ராஜா ழாக் ஆங்கெத்தில்: வாரிய தலை, ஷாம்பெயின், கடிகாரம் மாதிரி ஓட்டம், ஐந்து டூர் பட்டம். எல்லாம் இருந்தும் ஜனங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1959-ல், சக பிரெஞ்சுக்காரர் ஜெயிப்பதைவிட ஸ்பெயின்காரர் ஜெயிக்கட்டும் என்று இருந்துவிட்டார் என்ற கோபத்தில், பாரிஸ் மைதானமே அவரைப் பார்த்து விசிலடித்தது.

“விசிலடிச்சா நல்லதுதான?”

“அங்க விசில்னா திட்டு மாமா.”

ஆங்கெத்தில் அழவில்லை. ஒரு படகு வாங்கி, அதற்கு ‘59-ன் விசில்கள்’ என்று பெயர் வைத்தார்.

1964-ல் இருவருக்கும் நேருக்கு நேர். மொனாக்கோ மைதானத்தில் புலிடோர் சீறிப் பாய்ந்து முதலில் கோட்டைத் தொட்டார். இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. அந்தச் சுற்றை ஓட்டி முடித்து ஒரு நிமிஷ போனஸை வாங்கிக்கொண்டவர் ஆங்கெத்தில். பிறகு அந்தோராவில் ஓய்வு நாள். இந்தப் போட்டியில் ஆங்கெத்திலுக்குக் கண்டம் என்று ஒரு ஜோசியர் பத்திரிகையில் சொல்லியிருந்தார். அவர் ஆட்டுக்கறி விருந்துக்குப் போனார். மறுநாள் மலையேற முடியாமல் நாலு நிமிஷம் பின்தங்கினார். பிறகு, சாவு எழுதியிருந்தால் எழுதியிருக்கட்டும் என்று மூடுபனியில் கண்மண் தெரியாமல் இறங்கிக் கூட்டத்தைப் பிடித்தார். புலிடோருக்கோ அதே நாள் சக்கரத்துக் கம்பி ஒடிந்தது. வேறு வண்டியில் ஏற்றி மெக்கானிக் பின்னாலிருந்து தள்ளினார். அன்பு மிகுதியில் தள்ளிய வேகத்தில் புலிடோர் கீழே விழுந்தார். ஆக, ஜோசியம் பலித்தது. ஆள்தான் மாறிவிட்டது.

ஜூலை 12, ப்யூய்-தெ-தோம் எரிமலை. ஐந்து லட்சம் பேர் மலையில். புலிடோர் 56 விநாடி பின்னால். ஆங்கெத்தில் களைத்துப்போயிருந்தார். ஆனால் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் களைப்பு தெரிந்துவிடும் என்று, பக்கத்திலேயே முழங்கையோடு முழங்கை உரச, தோளோடு தோள் இடிக்க ஏறினார். பக்கத்தில் வருகிறவர் இவ்வளவு தெம்பாக இருக்கிறாரே என்று புலிடோரும் முந்தாமல் வந்தார். ஓட்டல் பில் வந்ததும் பர்ஸில் காசில்லாதவர்தான் முதலில் கையை நீட்டுவார், பார்த்திருக்கிறீர்களா? அந்த வித்தை. உச்சி நெருங்கும்போதுதான் குட்டு உடைந்து புலிடோர் பறந்தார். 42 விநாடி மீட்டார். ஆங்கெத்திலிடம் மிச்சம் 14 விநாடி. எனக்கு ஒரு விநாடி போதும், 13 அதிகம் என்றாராம். பாரிஸில் கணக்கு முடிந்தபோது வித்தியாசம் 55 விநாடி. மொனாக்கோவில் விட்ட ஒரு சுற்றின் விலை.

அடுத்த வருஷம் ஆங்கெத்தில் வரவில்லை; இனி புலிடோர்தான் என்றார்கள். ஜிமோந்தி என்ற புதுப் பையன் வந்து ஜெயித்தான். அதற்கடுத்த வருஷம் ஆங்கெத்தில் தானும் ஜெயிக்காமல், இவரையும் விடாமல், தன் அணி ஆளை ஜெயிக்கவைத்தார். 1968-ல் போட்டி மோட்டார் சைக்கிளே வந்து மோதியது. பிறகு எடி மெர்க்ஸ் என்ற பகாசுரன். 1973-ல் முதல் நாளே மஞ்சள் சட்டை வாங்கும் வாய்ப்பு. ஒரு விநாடிக்கும் குறைவாகத் தவறியது. மூன்று தடவை இரண்டாவது, ஐந்து தடவை மூன்றாவது, கடைசித் தடவை 40 வயதில். ஒரே ஒரு நாள்கூட மஞ்சள் சட்டை போடவில்லை. கைக்கு எட்டியது உடம்புக்கு எட்டவில்லை.

ஆனால் ஊர் ஊராக ‘பூப்பூ! பூப்பூ!’ என்று கத்தியது இவருக்குத்தான். ஐந்து தடவை ஜெயித்தவர், தோற்கிறவருக்கு ஏன் இத்தனை கைதட்டல் என்று புழுங்கினார். இருவரும் பின்னாளில் சிநேகிதர்கள். 1987-ல் புற்றுநோயில் கிடந்த ஆங்கெத்தில், இதிலும் நீ எனக்கு அடுத்துதான் என்று சிரித்ததாகப் புலிடோரே சொல்லியிருக்கிறார். ஓய்வுபெற்ற பிறகு மஞ்சள் சட்டைக்குப் பணம் கொடுக்கும் வங்கி அவரை வேலைக்கு வைத்தது. ஒவ்வொரு ஜூலையும் மஞ்சள் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கையெழுத்துப் போட்டார். அவர் பெண்ணைக் கட்டிய நெதர்லாந்து மருமகன்கூட 1984-ல் ஒரு நாள் மஞ்சள் சட்டை போட்டிருக்கிறார்.

“மருமகன் போட்டாரா?” மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

அங்கே இரண்டாவது ஏற்றம் தொடங்கியிருந்தது. பையன் மறுபடியும் எழுந்து நின்று மிதித்தான். பின்னால் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள் இடைவெளி விழுந்துவிட்டது. கோட்டைத் தாண்டும்போது ஒரு விரலை வானத்தை நோக்கிக் காட்டினான். ஜெயித்தும் விட்டான், மஞ்சள் சட்டையும் வந்துவிட்டது. ரோட்டோரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“ஏன் அழுவுறான்?”

“தாத்தா 2019 நவம்பர்ல போயிட்டார் மாமா. பார்க்கல.”

மாமா எழுந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, ஏதோ மதுரை தியேட்டர் ஒன்றில் முதல் நாள் முதல் காட்சிக்குப் பழகிய விசில் ஒன்றை அடித்தார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“மாமா, அங்க விசில்னா...”

“திட்டுன்னா அது அந்தப் படகுக்காரனுக்குப் போகட்டும்.”

மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். “யாருப்பா ஜெயிச்சது?”

“புலித்துரை,” என்றார் மாமா.